எடுக்காத ஆட்டக்காரரிடம் கல்லூரி கோச் என்ன சொல்ல வேண்டும்? இருக்கிற வழிகளை ஒப்பிட்டால்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்துக்கு ஆள் எடுப்பதைப் பற்றிப் படித்தால் யாருக்கு எத்தனை ஆஃபர், யார் எந்தக் கல்லூரிக்குப் போகிறார் என்பதே பேச்சாக இருக்கும். எடுக்கப்படாதவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம். ஹைஸ்கூல் அணிகளில் ஆடும் பையன்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேர்தான் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பில் உள்ள அணி ஏதாவது ஒன்றில் சேர்கிறார்கள். அதன் மூன்று டிவிஷன்களில் மேல்மட்டமான முதல் டிவிஷன் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு ஒருவர். ஆக ஒரு துணை கோச்சின் வேலையில் பெரும்பகுதி ‘வேண்டாம்’ என்று முடிவு செய்வது. அந்த முடிவைப் பையனிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் ஆளுக்கொரு வழி வைத்திருக்கிறார்கள், அல்லது வழியே வைத்திருப்பதில்லை.

இங்கே அந்த வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். முதலில் இது கோச்சுகளுக்கான கேள்வி. ஆனால் டெக்சஸிலோ நியூஜெர்சியிலோ பிள்ளையைக் கிளப் அணியில் சேர்த்து வார இறுதி முழுக்க ஜிம் ஜிம்மாக அலையும் தமிழ்க் குடும்பங்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், எதிர்முனையில் இருப்பவர் ஏன் இப்படிப் பேசுகிறார் என்று புரியாமலே பல மாதங்கள் போய்விடுகின்றன.

அதிகம் பேர் எடுக்கும் வழி, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவது. ஏப்ரலிலும் ஜூலையிலும் கிளப் போட்டிகளை நேரில் பார்க்க கோச்சுகளுக்கு அனுமதி உண்டு. ஒரே கூரையின் கீழ் பல கோர்ட்டுகள், ஓரமாகப் போட்ட நாற்காலிகளில் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு கோச்சுகள், காலை முதல் இரவு வரை ஆட்டங்கள். ஒரு கோடையில் ஒரு துணை கோச் நூற்றுக்கணக்கான பையன்களைப் பார்க்கிறார். எல்லாருக்கும் பதில் எழுத முடியாது, அது சரி. அணியில் சேர விரும்புவோருக்கான கேள்வித்தாளை நிரப்பி அனுப்பியவர், வீடியோ லிங்க் மட்டும் அனுப்பியவர், இவர்களுக்குப் பதில் வராமல் போவதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். ஆனால் வாரம் இரண்டு முறை மெசேஜ் அனுப்பி, கேம்பஸுக்குக் கூப்பிட்டு, பெற்றோரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, ஒரு நாள் சட்டென்று போனை எடுக்காமல் விடுவது வேறு கதை. பதினேழு வயதுப் பையன் அந்த மௌனத்துக்குத் தானே ஒரு காரணம் கண்டுபிடிப்பான். அந்தக் காரணம் பெரும்பாலும் தவறாக இருக்கும்.

மௌனத்தைவிட மோசமானது என்று நான் நினைப்பது இரண்டாவது வழி: “உன்னைத் தொடர்ந்து கவனிக்கிறோம், தொடர்பில் இரு.” பெண் பார்த்துவிட்டு, பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, ‘ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புகிறோம்’ என்று கிளம்புகிற வீட்டாரின் பேச்சுதான் இது. நம் ஊரில் அதன் அர்த்தம் வீட்டில் உள்ள எல்லாருக்கும் தெரியும். இங்கே பையனுக்கும் தெரிவதில்லை, பெற்றோருக்கும் தெரிவதில்லை.

கோச் இப்படிச் சொல்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அவரிடம் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரிசை உண்டு: இந்த கார்டு (பந்தை நடத்திச் செல்லும், வெளியிலிருந்து ஆடும் ஆட்டக்காரர்) முதலில், அவன் வேறெங்காவது போனால் இவன், இவனும் போனால் அவன். நான்காவது இடத்தில் இருப்பவனிடம் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால், மேலே உள்ள மூவரும் கைவிட்டுப் போகும் நாளில் திரும்பிப் போய்க் கேட்க முடியாதே என்ற பயம். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற இணையப் பட்டியல் இதை இன்னும் சிக்கலாக்கிவிட்டது. 2018 அக்டோபரில் அது வந்தது. 2021-இல் ஒரு முறை கல்லூரி மாறினால் ஒரு வருடம் ஆடாமல் காத்திருக்கத் தேவையில்லை, உடனே ஆடலாம் என்றார்கள். 2024-இல் படிப்பு ஒழுங்காக இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. இப்போது சீசன் முடிந்த வசந்த காலத்தில் இருபத்திரண்டு வயதுத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நூற்றுக்கணக்கில் கிடைக்கிறார்கள், அதனால் ஹைஸ்கூல் பையனுக்கான இடத்தைக் கடைசிவரை திறந்தே வைத்திருக்க கோச்சுக்கு ஆசை. இன்னொன்றும் உண்டு, இன்று வேண்டாம் என்ற பையன் இரண்டு வருடம் சின்னக் கல்லூரி ஒன்றில் ஆடி வளர்ந்து போர்ட்டலில் வருவான், அப்போது அவன் நம்மேல் கோபத்தில் இருக்கக் கூடாது என்ற நினைப்பு.

இந்தக் கணக்கெல்லாம் கோச்சின் பக்கம் இருந்து பார்த்தால் நியாயமாகத் தெரியும். பையனின் பக்கம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட் மாதிரிப் படிப்பில் உயர்ந்த மூன்றாம் டிவிஷன் கல்லூரிகளில் முன்கூட்டியே விண்ணப்பிக்கும் கெடு நவம்பர் மாதமே வந்துவிடும். அங்குள்ள கோச்சுகள் தங்களுக்கு வேண்டியவரை அந்தக் கெடுவுக்குள் முடிவு செய்துவிடப் பார்ப்பார்கள். முதல் டிவிஷன் கோச் ஒருவர் சொன்ன ‘தொடர்பில் இரு’வை நம்பி ஏப்ரல் வரை காத்திருந்த பையனுக்கு அந்தக் கதவு எப்போதோ மூடியிருக்கும். ஆகஸ்டில் வந்திருந்தால் உதவியிருக்கும் ‘இல்லை’, ஏப்ரலில் வந்தால் எதற்கும் உதவாது. கனிவாகப் பேசுகிறோம் என்று நினைக்கும் கோச், அந்தக் கனிவுக்கு ஆகும் செலவைப் பையன் தலையில் கட்டுகிறார்.

மூன்றாவது வழி அச்சடித்த மாதிரி ஒரு மின்னஞ்சல். “உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, இந்த ஆண்டு வேறு திசையில் செல்ல முடிவு செய்துள்ளோம்.” இதைப் பலர் திட்டுகிறார்கள், நான் திட்ட மாட்டேன். பதில் என்று ஒன்று கிடைத்துவிட்டது, தேதியோடு எழுத்தில் இருக்கிறது, பையன் அடுத்த கல்லூரியைப் பார்க்கலாம். நேரில் பழக்கம் இல்லாதவருக்கு இது போதும். அதில் ஆட்டத்தைப் பற்றிப் பொய்யான ஒரு வரியைச் சேர்க்காமல் இருந்தால் சரி.

நான்காவது, கிளப் கோச் அல்லது ஹைஸ்கூல் கோச்சிடம் உண்மையைச் சொல்லிவிடுவது. கோச்சும் கோச்சும் பேசும்போது மூடி மறைக்காமல் பேசுவார்கள்: கால் வேகம் போதாது, கோபம் அதிகம், சோர்ந்தால் தடுப்பாட்டத்தில் கவனம் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 வரை முதல் டிவிஷன் ஆண்கள் அணி கோச் பையனைத் தானாக அழைக்கவோ அவனுக்கு மெசேஜ் அனுப்பவோ விதியில் இடமில்லை என்பதால், சின்ன வயதுப் பையன்களின் ஆட்டத்தைப் பற்றி கோச்சுகள் மனசு விட்டுப் பேசுவது இப்படித்தான். இதில் நல்லது, பையனைத் தினமும் பார்க்கும் ஒருவர் அதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லலாம், மறுநாள் பயிற்சியிலேயே வேலையைத் தொடங்கலாம். கெட்டது, அந்தச் சேதி பையனிடம் போய்ச் சேருமா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கட்டணம் வாங்கும் கிளப்புக்கு ‘உங்கள் பையன் முதல் டிவிஷன் ஆட்டக்காரர் இல்லை’ என்று பெற்றோரிடம் சொல்வதில் ஒரு லாபமும் இல்லை, பெற்றோர் அடுத்த கிளப்புக்குப் போய்விடுவார்கள். நல்ல கிளப் கோச்சுகள் சொல்கிறார்கள். சொல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

ஐந்தாவது, வாக்-ஆன் இடம் தருவது. ஸ்காலர்ஷிப் இல்லை, ஆனால் அணியில் சேர்ந்துகொள் என்பது. பாதி ஆம், பாதி இல்லை. என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து) நட்சத்திரம் ஸ்டீபன் கரியின் அப்பா டெல் கரி ஆடிய கல்லூரி வர்ஜீனியா டெக். மெலிந்த உடம்போடு இருந்த மகனை அவர்கள் வாக்-ஆனாக வரச் சொன்னார்கள். அவர் டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார், அங்கே கோச் பாப் மெக்கிலப் அவரை முழு மனதோடு எடுத்திருந்தார். 2008 தேசியப் போட்டியில் அந்த அணி கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து கன்சாஸிடம் 59-57 என்று தோற்றது. இதைச் சொல்லி ‘பாருங்கள், கோச்சுகளுக்கு ஒன்றும் தெரியாது’ என்று பேசுபவர்கள் நிறைய. நான் எடுத்துக்கொள்வது வேறு: வாக்-ஆன் என்ற பேச்சு வந்ததே அந்தக் கல்லூரி அவரை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது, குடும்பம் அதைப் புரிந்துகொண்டு நகர்ந்தது. வாக்-ஆன் என்று சொல்லும் கோச் கூடவே மூன்று விஷயம் சொல்லிவிட வேண்டும். வெளியூர் ஆட்டங்களுக்கு அழைத்துப் போவார்களா, ஆட நிமிடங்கள் கிடைக்க வாய்ப்பு இருக்கிறதா, பின்னால் ஸ்காலர்ஷிப் ஆக மாறுமா. இதைச் சொல்லாமல் வெளிமாநிலக் கட்டணம் முழுதும் கட்ட வைத்துப் பையனை அழைத்துக்கொள்வது அநியாயம். அதோடு, 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட, கல்லூரி ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்குச் சமரசத்துக்குப் பிறகு, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் பழைய 13 ஸ்காலர்ஷிப் வரம்பு போய் அணிக்கு மொத்தமே 15 பேர் என்றாகிவிட்டது. வாக்-ஆனுக்கு இருந்த இடமே சுருங்கிவிட்டது.

அப்புறம் ஆறாவது வழி, நேராகப் போன் போட்டுச் சொல்வது. ‘இல்லை’ என்பதையும் சொல்லி, ஏன் என்பதையும் சொல்லி, எந்த லெவலில் நீ ஆடலாம் என்று நினைக்கிறேன் என்பதையும் சொல்வது. ஓரளவு பழகிவிட்ட எந்தப் பையனுக்கும் இதுதான் சரி என்பது என் முடிவு. ஆனால் இதைத் தப்பாகச் செய்தால் மௌனமே மேல் என்று ஆகிவிடும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எடுக்காததற்கு இரண்டு விதமான காரணங்கள் உண்டு. ஒன்று இடம் சம்பந்தப்பட்டது: உன் பொசிஷனில் ஏற்கெனவே மூன்று பேர், அல்லது போர்ட்டலில் வந்த ஒருவரை எடுத்துவிட்டோம், அல்லது இந்த வருடம் உயரமான ஆள்தான் வேண்டும். இன்னொன்று ஆட்டம் சம்பந்தப்பட்டது: எங்கள் லெவலுக்கு உன் ஆட்டத்தில் இது போதவில்லை. இந்த இரண்டையும் கலந்து பேசுவதுதான் பெரும் கேடு. உண்மையில் போர்ட்டலில் இருந்து ஒரு கார்டை எடுத்துவிட்டு, இந்தப் பையனிடம் ‘உன் ஷூட்டிங் இன்னும் முன்னேற வேண்டும்’ என்று சொன்னால், அவன் கோடை முழுக்க நன்றாக இருக்கும் ஷாட்டைப் பிரித்து மேய்ந்து கெடுத்துக்கொள்வான். திருப்பிப் போட்டாலும் அதே கேடுதான். தடுப்பாட்டத்தில் கால் நகரவில்லை என்பதற்காக விட்டுவிட்டு ‘இடம் இல்லை, அவ்வளவுதான்’ என்று சொன்னால், அடுத்தடுத்து பார்க்கும் எல்லா கோச்சும் அதே காரணத்துக்காக விடுவார்கள், அவனுக்கு மட்டும் கடைசிவரை தெரியாது. எந்த வகைக் காரணம் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நல்ல அழைப்பு ஒன்று ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“நேராகவே சொல்கிறேன். உனக்கு எங்களால் ஸ்காலர்ஷிப் தர முடியாது, மாறும் என்று காத்திருக்காதே. காரணம் ஆட்டம்தான், இடம் இல்லாமல் சொல்லவில்லை. ஜூலையில் உன் ஆட்டம் மூன்று பார்த்தேன். ஷாட் எங்கள் லெவலுக்குப் போதும், பாஸ் பார்க்கிற கண் ரொம்பவே நன்றாக இருக்கிறது. வேகமான கார்டு பந்தோடு நேருக்கு நேர் வரும்போது உன் முதல் அடி பின்னால் போகிறது, இரண்டாவது அடியில் அவன் உன்னைத் தாண்டிவிடுகிறான். எதிரணி ஆள் வழிமறித்து ஸ்கிரீன் போடும் ஒவ்வொரு முறையும் நாங்கள் ஆள் மாற்றித் தடுக்கும் அணி, இங்கே நீ கஷ்டப்படுவாய். உள்ளே நெருங்கி நின்று தடுக்கும் அணிகளில் இது இவ்வளவு பெரிய குறை இல்லை. இரண்டாம் டிவிஷனில் ஒரு நல்ல அணியில் முதல் வருடமே நீ ஆடுவாய் என்பது என் கணிப்பு. நீ சரி என்றால் எனக்குத் தெரிந்த கோச்சுகளிடம் உன் பெயரைச் சொல்கிறேன்.”

இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது. இதில் புகழ்ச்சியும் உண்மை, குறையும் உண்மை, இரண்டும் அவன் ஆட்டத்தில் பார்த்தவை. ‘கடுமையாக உழை, உன் நேரம் வரும்’ என்பது இதில் இல்லை, ஏனென்றால் அதை வைத்துக்கொண்டு மறுநாள் காலை ஜிம்மில் ஒன்றும் செய்ய முடியாது. முதல் அடி பின்னால் போகிறது என்பதை வைத்துச் செய்யலாம். உயரம், கை நீளம் போன்ற மாற்ற முடியாத விஷயங்களைக் குறையாகச் சொல்லக் கூடாது, ‘எங்கள் ஆட்ட முறைக்கு இந்த இடத்தில் இன்னும் உயரம் தேவை’ என்று அணியின் தேவையாகச் சொல்லலாம். எடுத்துக்கொண்ட பையனோடு ஒப்பிட்டுப் பேசவே கூடாது. பெற்றோரில் ஒருவர் லைனில் இருப்பது நல்லது, மகன் வாய்வழியாகக் கேட்டால் பாதி மாறிவிடும். வாதம் வந்தால் பதில் வாதம் செய்யாமல் கேட்டுக்கொண்டு, முடிவு மாறாது என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு முடிக்கலாம்.

நேர்மையாகச் சொன்ன கணிப்பு தப்பாகப் போனால் என்ன செய்வது என்ற பயம் கோச்சுகளுக்கு நிறைய உண்டு. இதற்கு ஜெரமி லின் கதையைப் பார்க்க வேண்டும். பாலோ ஆல்ட்டோ ஹைஸ்கூலுக்காக 2006-இல் கலிபோர்னியா மாநிலப் பட்டம் ஜெயித்தவர், ஆனாலும் முதல் டிவிஷனில் ஒரு ஸ்காலர்ஷிப் ஆஃபர்கூட வரவில்லை. ஹார்வர்டின் துணை கோச் பில் ஹோல்டன் அவர் ஆட்டத்தை முதலில் பார்த்தபோது அசரவில்லை. லின்னின் ஹைஸ்கூல் கோச்சிடமே ‘மூன்றாம் டிவிஷன் ஆட்டக்காரர்’ என்று சொல்லிவிட்டார். ஆனால் அதே வாரத்தில் இன்னும் கடுமையான போட்டி ஒன்றில் லின் கிடைத்த சந்தில் எல்லாம் புகுந்து கூடையை நோக்கிப் பாய்வதைப் பார்த்ததும் எண்ணத்தை மாற்றிக்கொண்டார், ஹார்வர்டுக்கு முதலில் வேண்டியவர் பட்டியலில் லின் பெயர் ஏறியது. ஹார்வர்ட் ஆடும் ஐவி லீகில் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, அணியில் இடம் உறுதி என்றார்கள். லின் போனார், பிறகு என்.பி.ஏ. வரை போனார்.

ஹோல்டன் தப்பாகச் சொன்னார் என்பதற்காக முதலில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த ஆட்டத்தில் பார்த்ததைச் சொன்னார். அதற்குப் பிறகும் போய்ப் பார்த்தார், மாற்றிக்கொண்டார். இதிலிருந்து கோச்சுகள் எடுத்துக்கொள்ள வேண்டியது, கணிப்பைச் சொல்லும்போது எதைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது. ‘ஜூலையில் மூன்று ஆட்டம் பார்த்தேன், அதில் இப்படி’ என்றால் அது அந்த மூன்று ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. ‘நீ முதல் டிவிஷன் ஆட்டக்காரன் இல்லை’ என்று மொட்டையாகச் சொன்னால் அது அவன் வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பு ஆகிவிடுகிறது, அதைச் சொல்லும் தகுதி எந்த கோச்சுக்கும் இல்லை.

லெவலைச் சொல்வதையே அவமானமாக எடுத்துக்கொள்ளும் பெற்றோரும் உண்டு, நம் ஆட்களில் இன்னும் கொஞ்சம் அதிகம். மூன்றாம் டிவிஷன் என்றதும் மூன்றாம் தரம் என்று காதில் விழுகிறது. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது என்பது உண்மை, ஆனால் படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவிகள் உண்டு, ஆட்டமும் லேசுப்பட்டதல்ல. டங்கன் ராபின்சன் வில்லியம்ஸில் ஒரு வருடம் ஆடிவிட்டு மிஷிகனுக்கு மாறி, 2018-இல் தேசிய இறுதி ஆட்டம் ஆடி, மயாமி ஹீட் என்ற என்.பி.ஏ. அணிக்குப் போனவர். எல்லாருக்கும் அப்படி நடக்காது. ஆனால் சரியான லெவலை ஒருவர் வெளிப்படையாகச் சொன்னால் பையன் ஆட வாய்ப்புள்ள இடத்தைத் தேடிப் போகலாம்.

ஆக எதை எப்போது? கேள்வித்தாள், வீடியோ வரைக்கும் மட்டும் என்றால் பொது மின்னஞ்சல் போதும். கல்லூரி நடத்தும் பயிற்சிக் கேம்ப்புக்குப் பணம் கட்டி வந்தவருக்கு, அதுவும் கோச்சே தனியாக மெசேஜ் அனுப்பி வரச் சொல்லியிருந்தால், ஆட்டத்தைப் பற்றிக் குறிப்பாக ஒரு வரியாவது எழுதி அனுப்புவது கடமை. மாதக்கணக்கில் பேசிய பையனுக்குத் துணை கோச் போன் செய்ய வேண்டும், கிளப் கோச்சுக்கும் அன்றைக்கே சேதி போக வேண்டும். கேம்பஸுக்கு வந்துபோனவர், அல்லது வாய்வழி ஆஃபர் கொடுத்துவிட்டுத் திரும்ப எடுக்கப்படுபவர் என்றால் தலைமை கோச்தான் பேச வேண்டும். வாய்வழி ஆஃபர் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது விதி, அதைச் சாக்காக வைத்துத் துணை கோச்சை விட்டுச் சொல்லச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. வரிசையில் நான்காவதாக இருப்பவனிடம் அதையே சொல்லலாம்: “உனக்கு முன்னால் மூன்று பேர் இருக்கிறார்கள், அக்டோபர் கடைசிக்குள் சொல்கிறேன், அதுவரை எனக்காக எந்த இடத்தையும் விடாதே.” இப்படிச் சொன்னால் பையன் போய்விடுவான் என்று பயப்படுகிறார்கள். போனால் போகட்டும், அவனுக்கு நல்ல இடம் கிடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பையன் பக்கமிருந்தும் செய்ய ஒன்று உண்டு. ‘எனக்கு வாய்ப்பு இருக்கிறதா’ என்று கேட்டால் இழுத்தடிக்கும் பதில்தான் வரும். இப்படி எழுதிக் கேட்கலாம்: “கோச், நீங்கள் இந்த வருடம் எடுக்கும் ஆட்களில் என் பொசிஷனுக்கு இன்னும் இடம் இருக்கிறதா? இருந்தால் வரிசையில் நான் எங்கே இருக்கிறேன்? இல்லை என்றால் காரணம் இடமா, ஆட்டமா? ஆட்டம் என்றால் நீங்கள் பார்த்ததில் எது போதவில்லை? எந்தப் பதிலாக இருந்தாலும் வருத்தப்பட மாட்டேன்.” பெற்றோர் எழுதக் கூடாது, பையன் தானே எழுத வேண்டும். பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து ஒரு முறை நினைவுபடுத்தலாம். அதற்கும் பதில் இல்லை என்றால் அந்தக் கல்லூரியைப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, அழைத்தால் பேசுகிற கோச்சுகளோடு பேச்சைத் தொடரலாம்.